இல்லாத இல்லத்துக்குக் கேட்ட மானியம்

நயா பைசா வந்து நாலைந்து வருஷம் ஆகியும் எங்கள் பக்கத்துக் கடைகளில் அணாவில்தான் விலை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சிவகாசிக்குப் பக்கத்தில், விஸ்வநத்தம் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் நான் ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். வயது இருபத்தாறு. அந்த ஊரில் இங்கிலீஷில் தப்பில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. நான் சொல்லப் போகிற சம்பவத்துக்கு அந்தத் தலைக்கனம்தான் ஆரம்பம்.

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையையும் தீப்பெட்டித் தொழிற்சாலையையும் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் கேட்டால், இந்த ஊரில் எல்லாரும் குமாஸ்தா போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். காலையில் ஆபீஸுக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பாமல் போவதும் எங்கள் பக்கம் நடக்கிற ஒன்றுதான். அப்படி ஒரு நாள் ஒரு பட்டாசு ஆபீஸில் தீப்பிடித்து, ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒன்றாகப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரே பெண் குழந்தை. சொந்தக்காரர்கள் வந்து அழுதார்கள். காரியம் முடிந்தது. குழந்தையை யார் கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு வந்ததும் ஆளுக்கொரு காரணம் சொல்லி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள்.

அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒருத்தி இருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. புருஷன் செத்து இரண்டு வருஷம். மூன்று பிள்ளைகள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "வா தாயி, கஞ்சி ஆறிப் போகுது" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் பிள்ளைகள் நான்கு.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தவர் எங்கள் ஊர் நர்ஸம்மா. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்படி ஊரான் பிள்ளையை எடுத்து வளர்க்கிற வீடுகள் எத்தனை என்று விசாரித்துக்கொண்டு, குடையும் கையுமாக விஸ்வநத்தத்திலும் திருத்தங்கல் பக்கத்திலும் அலைந்தார். பதினோரு வீடுகள் கிடைத்தன. பிள்ளைகளை எடுத்தவர்களில் ஒருவர்கூட வசதியானவர் இல்லை. "பிள்ளையக் கொண்டு போயி விடுதியில சேக்க ஆயிரம் பேரு இருக்காக. எடுத்து வளக்குற வீட்டுக்கு உதவி செய்ய யாரு இருக்கா?" என்று கேட்டு, எங்களில் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். எழுதத் தெரிந்தவள் என்பதால் நான் செயலாளர்.

சங்கம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. கோவிலைச் சேர்ந்த பெண்கள், அதாவது எங்கள் மாதா கோவில் பெண்கள், உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டு வந்து சேர்ப்போம். அதைப் பார்த்துவிட்டு மாரியம்மன் கோவில் தெருப் பெண்களும் பானை வைத்தார்கள். கடைக்காரர்கள் தங்கள் மகமையிலிருந்து, அதாவது பொதுக் காரியத்துக்கென்று வியாபாரத்தில் ஒதுக்கி வைக்கிற பணத்திலிருந்து, வருஷத்துக்கு இரண்டு முறை துணி எடுத்துக் கொடுப்பார்கள். அரிசியும் துணியும் சிலேட்டும் பதினோரு வீடுகளுக்கும் போகும். இரண்டு வருஷம் இப்படி நன்றாகவே ஓடியது.

மூன்றாவது வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மழை வந்தால் ஊர் உலகத்துக்கெல்லாம் சந்தோஷம். எங்களுக்கு மட்டும் பயம். குச்சியும் காயாது, பெட்டியும் காயாது, ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். கூலி இல்லாத வீட்டில் கைப்பிடி அரிசிக்கு எங்கே போவது? பானைகள் ஒவ்வொன்றாகக் காலியாக வர ஆரம்பித்தன. சங்கத்தால் எதுவும் கொடுக்க முடியாமல் போயிற்று.

ஒரு நாள் காலை, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி (இனிமேல் அவளை அந்தப் பிள்ளையின் அம்மா என்றே சொல்கிறேன், அதுதான் சரி) பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். பிள்ளை அப்போது என்னிடம் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பாட்டைத் தலைகீழாகக் கேட்டாலும் சொல்லக்கூடியவள்.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதீக. தை பொறந்ததும் இவள எங்கூட ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். கட்டையில தீக்குச்சி அடுக்குனா அவ கஞ்சிக்கு ஆகும். மூத்தவன ஏற்கெனவே நிறுத்திட்டேன். வேற வளி தெரியல" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் அந்தப் பிள்ளையின் விரல்கள் எழுதுகிற விரல்கள். அவை குச்சி அடுக்கப் போகின்றன. தை பிறக்க இரண்டு மாதம்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் சங்கங்களுக்கு சர்க்கார் மானியம் கொடுப்பதாகக் கேள்விப்பட்டோம். எழுதிப் போட்டு விண்ணப்பப் பாரத்தை வரவழைத்தேன். முழுவதும் இங்கிலீஷ். எனக்குச் சந்தோஷம், என் திறமையைக் காட்ட இடம் கிடைத்ததே என்று. உட்கார்ந்து படித்துப் பார்த்தால், அந்தப் பாரத்தில் கேட்டிருந்தது எல்லாம் வேறு. கட்டடம் சொந்தமா வாடகையா, எத்தனை அறை, எத்தனை பேர் தங்குகிறார்கள், சமையல்காரர் உண்டா, குழந்தைக்கு உறவினர் யாராவது உண்டா. வீடுகளில் வளர்கிற பிள்ளைகளைப் பற்றி எழுத அதில் ஒரு வரிகூட இடமில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டடம் இருப்பதாக எழுதினேன். ஊர்க் கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய தீப்பெட்டிக் கிடங்கை, "குழந்தைகள் இல்லம்" என்று எழுதினேன். பதினொரு பேர் தங்குவதாக எழுதினேன். உறவினர் என்ற இடத்தில் பதினொரு பேருக்கும் 'இல்லை' என்று எழுதினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

நர்ஸம்மா கையெழுத்துப் போடத் தயங்கினார். "பொய்யில்லா எழுதியிருக்க?" என்றார்.

"மானியம் வரட்டும் நர்ஸம்மா, அதை வைத்து ஒரு கட்டடம் பிடித்துவிட்டால் எல்லாம் உண்மையாகிவிடும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட வைத்தவள் நான்தான். அந்தப் பழியை அவர் மேல் போட மாட்டேன்.

பாரத்தை அனுப்பிவிட்டு, ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வருகிற வியாழக்கிழமை ஓர் அதிகாரி இல்லத்தைப் பார்வையிட வருகிறார் என்று எழுதியிருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நர்ஸம்மா வீட்டுக்கு ஓடினேன்.

அந்த ஆறு நாள் நாங்கள் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. கிடங்குக்காரரிடம் கெஞ்சிச் சாவி வாங்கினோம். வெள்ளையடித்தோம். கந்தக வாடை போகச் சாம்பிராணி போட்டோம், போகவில்லை. பதினொரு பாய், பதினொரு தட்டு, பதினொரு டம்ளர் இரவல் வாங்கினோம். வாசலில் மாட்ட ஒரு போர்டு வேண்டுமே! பட்டாசு லேபிள் வரைகிற ஒருவரைப் பிடித்தோம். நல்ல மனுஷன், காசு வேண்டாம் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். ஆனால் கை பழகிய பழக்கம் போகுமா? இரண்டு பக்கமும் கிளி, நடுவில் தாமரை, சுற்றிலும் சிவப்பிலும் மஞ்சளிலும் பொறி பறக்கிறது. அந்தப் போர்டைப் பார்த்தால் உள்ளே பிள்ளைகள் இருப்பதாகத் தோன்றாது, சரவெடி இருப்பதாகத்தான் தோன்றும்.

இதெல்லாம் விளையாட்டு மாதிரி நடந்தது. விளையாட்டாக இல்லாதது ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அதிகாரி வந்து, உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், 'எனக்கு யாருமில்லை' என்று சொல்ல வேண்டும். வாய்ப்பாடு சொல்ல வைப்பதுபோல ஒவ்வொருவராக எழுப்பிச் சொல்ல வைத்தேன். பிள்ளைகள் சொன்னார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பையன் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் கணீரென்று சொன்னான். அந்தப் பிள்ளை மட்டும் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வளர்க்கிறவர்கள் யாரும் வியாழக்கிழமை கிடங்குப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தோம். அந்தப் பிள்ளையின் அம்மா மட்டும் கேட்கவில்லை. "கஞ்சி ஊத்துற ஆயான்னு சொல்லிக்கிடுதேன் டீச்சர். ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன். பிள்ள மிரண்டுரும்" என்றாள். ஆயா ஒருத்தி இருப்பதும் நல்லதுதான், பாரத்தில் கேட்டிருக்கிறானே என்று நானும் சரி சொன்னேன். என் புத்தி அன்றைக்கு அப்படி வேலை செய்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கதர்ப் புடவை, கனமான கண்ணாடி, கையில் ஃபைல். போர்டை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. உள்ளே வந்தார். பாயைப் பார்த்தார். ஒரு பாயைக் காலால் அல்ல, குனிந்து கையால் புரட்டிப் பார்த்தார். அடியில் வெள்ளையடித்த சுண்ணாம்புச் சொட்டுகள் அப்படியே இருந்தன. ஆள் படுத்து எழுந்த தரை இல்லை அது. பாயைப் பழையபடி விரித்து வைத்தார்.

பிறகு பிள்ளைகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். எழுந்து நிற்க வேண்டாம் என்று சொல்லி, பேர் கேட்டார், வயது கேட்டார். "உனக்கு யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார். முதல் நான்கு பிள்ளைகள் பாடத்தைச் சரியாக ஒப்பித்தார்கள். ஐந்தாவது, அந்தப் பிள்ளை.

அவளுக்கு மொட்டை போட்ட தலையில் முடி இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது. காதில் பொட்டு மாதிரி ஒரு தோடு. காது குத்தி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆவணியில்தான் அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். நான் மற்ற எல்லாவற்றையும் ஒளித்தேன். அதை ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரியின் கண் நேரே காதுக்குத்தான் போனது.

"தோடு அழகா இருக்கே. யார் போட்டா?"

ஆறு நாளாக வாயைத் திறக்காத பிள்ளை அப்போது திறந்தாள். "எங்க மாமன்" என்றாள். "எங்க மாமன் மடியில உக்காத்தி வச்சுத்தான் காது குத்துனாக. நான் அழவே இல்ல. எங்க அம்மாதான் அழுதுச்சு."

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறார்களோ அவன்தான் தாய்மாமன். பிள்ளை வயதுக்கு வந்தால் சீர் அவன் கொண்டு வர வேண்டும், கல்யாணத்தில் அவன் முன்னால் நிற்க வேண்டும், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவன் பொறுப்பு. அந்த அம்மாவின் தம்பி, லாரியில் தீப்பெட்டி லோடு ஏற்றுகிறவன், ஊரைக் கூட்டி அந்தப் பிள்ளையைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை அநாதை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? எனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு பாரத்தில் எழுதியிருந்தேன்.

அதிகாரி ஃபைலைத் திறந்து விரலை ஓட்டிப் பார்த்தார். "அம்மா, மாமா எல்லாரும் இருக்காங்கன்னு குழந்தை சொல்லுது. நீங்க உறவினர் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?" என்று என்னைக் கேட்டார்.

ஓரத்தில் கஞ்சிப் பானையோடு நின்ற அந்த அம்மா முந்திக்கொண்டாள். "சின்னப் பிள்ள தாயி, விவரம் தெரியாம ஒளறுது. அதுக்கு யாரும் கிடையாது. நான் இங்க கஞ்சி ஊத்துற ஆயா" என்றாள். குரல் உடையாமல் சொன்னாள். பிள்ளையின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

பிள்ளை எழுந்து போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. ரொம்ப அக்கறையாக, ரகசியம் சொல்வதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ஏம்மா, டீச்சர் இங்கனதான் இருக்காக. பொய் சொன்னா அடிப்பாக."

என்னிடம் பொய் சொன்ன பிள்ளைகளை நான் அடித்திருக்கிறேன். என் வகுப்பறையில் அந்தப் பிள்ளை என்னிடமிருந்து வேறு எதைக் கற்றுக்கொண்டதோ இல்லையோ, இதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. தன் அம்மா என்னிடம் அடி வாங்கிவிடக் கூடாதே என்று பயப்படுகிறது.

அதற்குப் பிறகு எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு எதிரில் நானும் உட்கார்ந்தேன். இல்லம் என்று ஒன்று கிடையாது, போர்டு வைத்து நான்கு நாள்தான் ஆகிறது, பாய் இரவல், தட்டு இரவல், 'யாருமில்லை' என்று சொல்லிக் கொடுத்தது நான், இது நர்ஸம்மாவின் தப்பில்லை, இந்த அம்மா ஆயா இல்லை, இவள்தான் இந்தப் பிள்ளையை இரண்டரை வருஷமாக வளர்க்கிறாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடுவில் அழுதும்விட்டேன். பிள்ளைகள் எல்லாம் டீச்சர் அழுகிறார்கள் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். "இந்தப் பிள்ளை இருக்கிற வீடு எங்கே இருக்கு? எனக்குக் காட்டுங்க" என்றார்.

ஒரே அறை வீடு அது. மேலே பனையோலை. ஒரு பக்கம் பசைச்சட்டி, ஒட்டிக் காயப் போட்ட தீப்பெட்டிக் கூடுகள். நான்கு பிள்ளைகளின் துணியும் ஒரே கொடியில் கிடந்தது. அந்த அம்மா பரபரவென்று அடுப்பை மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போட்டாள். அதிகாரி பெட்டிக் கூடுகளை ஒதுக்கிவிட்டுக் கீழே உட்கார்ந்து, பிள்ளையின் சிலேட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாமன் வந்து சேர்ந்தான். யாரோ போய், சர்க்கார் ஜீப் வந்து பிள்ளையைக் கொண்டு போகப் போகிறது என்று லோடு ஏற்றுகிற இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறான். தலையில் கட்டின துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"யாரா இருந்தாலும் சரி, பிள்ளைய இங்கயிருந்து கூட்டிட்டுப் போக முடியாது. எம் மடியில வச்சுக் காது குத்துன பிள்ள. அம்புட்டுப் பேரும் சாட்சி. நாளைக்குச் சீர் செய்யப் போறவன் நான்" என்றான்.

அவன் அக்கா, "ஏலே, சும்மா இருலே, பெரிய ஆபீஸரு" என்று அதட்டினாள். அவன் அசையவில்லை.

அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார். "என்ன சீர் செய்வீங்க?" என்று கேட்டார். அவன் நிஜமாகவே விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். பட்டுப் பாவாடை, தாவணி, வெள்ளிக் கொலுசு, பலகாரம் ஐந்து தட்டு. பிள்ளை வயதுக்கு வர இன்னும் ஐந்தாறு வருஷம் இருந்தது. அவன் அதற்குள் தீர்மானம் செய்து வைத்திருந்தான். அதிகாரி பேனாவைத் திறந்து, அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று அவர் ஒரு வீட்டோடு நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு, ஜீப்பில் எங்களையும் ஏற்றிக்கொண்டு திருத்தங்கல் பக்கம் வரைக்கும் பதினோரு வீடுகளையும் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டார், இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள உங்களுக்கு என்ன வேண்டும் என்று. யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மழை மாதத்துக்கு அரிசி என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை என்றார்கள். ஒரு வீட்டில், மருந்துக்கு மட்டும் ஏதாவது வழி செய்யுங்கள் என்றார்கள்.

திரும்புகிற நேரத்தில் என் பாரத்தை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "இதை நான் அனுப்ப முடியாது. இது பொய். நான் இன்னிக்குப் பார்த்ததை நீங்க எழுதித் தாங்க, தமிழ்லயே எழுதுங்க. அதுக்குப் பாரம் கிடையாது, இடமும் கிடையாது. ஆனாலும் என் குறிப்போட சேர்த்து அனுப்பி வைக்கிறேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். ஜீப்பில் ஏறினவர் திரும்பி, "அந்த போர்டை மட்டும் எறிஞ்சிடாதீங்க, ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பதினோரு வீட்டுக்காரர்களையும் கூட்டி உட்கார வைத்தோம். நான் எழுதிக்கொண்டு போயிருந்ததை வாசித்தேன். 'ஆதரவற்ற இக்குழந்தைகள்' என்று நான் ஆரம்பித்ததுமே அந்தப் பிள்ளையின் அம்மா கையை நீட்டினாள். "டீச்சர், அத எடுத்திருங்க. ஆதரவு இல்லாம என்ன? நாங்க இருக்கோம்ல. எங்களுக்குத்தான் கொஞ்சம் ஆதரவு வேணும்னு எளுதுங்க" என்றாள். நான் அடித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினேன். பயிற்சிப் பள்ளியில் படித்த எனக்கு வராத வாக்கியம், எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத அவளுக்கு வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பேருக்கு நேராகவும் உறவினர் யார் என்று எழுதினோம். அம்மா, அப்பா, அண்ணன், தங்கை என்று வரிசையாகப் பேர் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஐந்து பேர். மாமன் தன் பேரைப் பெரிதாக எழுதச் சொன்னான்.

தை பிறந்தது. பதில் வரவில்லை. அந்த அம்மா பிள்ளையை ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போவாள் என்று நினைத்துக்கொண்டு, பொங்கல் லீவு முடிந்த அன்று வகுப்பறை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வந்தாள். கூடவே அவள் அம்மாவும் வந்து, "அஞ்சு பேருன்னு எளுதிக் குடுத்துட்டோம்ல டீச்சர். அஞ்சு பேரு இருந்தும் ஒரு பிள்ளைய ஆபீஸுக்கு அனுப்புனா, அந்த ஜீப்புல வந்த அம்மா நாளைக்கு வந்து கேட்டா என்ன சொல்லுறது? எந்தம்பி அரிசிக்குப் பொறுப்பு எடுத்துக்கிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மானியம் வருவதற்கு முன்னாலேயே அந்தக் காகிதம் வேலை செய்துவிட்டது.

மானியமும் வந்தது. பங்குனிக் கடைசியில் வந்தது. நாங்கள் கேட்டதைவிடக் குறைவு. ஒரு வருஷத்துக்கு மட்டும், சோதனையாக, கட்டடத்துக்கு அல்லாமல் குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு என்று உத்தரவில் எழுதியிருந்தது. நர்ஸம்மா அந்த வரியை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். உத்தரவோடு அதிகாரியின் குறிப்பின் நகலும் இருந்தது. அதில் ஓர் இடத்தில், மாமன் சொன்ன சீர் வரிசை முழுவதையும் அப்படியே எழுதி, 'இக்குழந்தைக்கு எதிர்காலம் ஏற்கெனவே திட்டமிடப்பட்டுள்ளது' என்று குறிப்பிட்டிருந்தார். அதை வாசித்துக் காட்டியபோது அந்த முரட்டு மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அடுத்த வருஷமும் மானியம் வந்தது, அதற்கடுத்த வருஷமும். பதினொரு பேரில் ஒரு பிள்ளைகூட அந்த வீடுகளை விட்டுப் போகவில்லை. அந்தப் பிள்ளை எங்கள் தெருவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண். அவள் வயதுக்கு வந்தபோது மாமன் செய்த சீரில் பலகாரத் தட்டு ஐந்தில்லை, பதினைந்து. மற்ற பத்து வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு தட்டு எடுத்து வந்தார்கள். அந்த ஊர்வலத்தில் நானும் ஒரு தட்டு ஏந்திப் போனேன் என்பதை இன்றைக்கும் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

சங்கம் பிறகு வளர்ந்தது. எத்தனையோ மானியங்களுக்கு, எத்தனையோ ஊர்களுக்கு நான் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். கிடைத்ததும் உண்டு, கிடைக்காமல் போனதும் உண்டு. ஆனால் இந்த நாள் வரைக்கும் எந்த விண்ணப்பத்தையும் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால், அது யாரைப் பற்றியதோ அவர்களை எதிரே உட்கார வைத்து உரக்க வாசித்துக் காட்டுகிறேன்; அவர்கள் முகத்தைப் பார்த்து வாசிக்க என் நாக்கு கூசுகிற வரி எதுவோ, அதை அங்கேயே அடித்துவிடுகிறேன்.